ஓட்டம் நின்றாலும் நாடி ஏன் அடங்குவதில்லை?

ஓடி நின்றதும் மணிக்கட்டில் விரல் வையுங்கள்: தடதடக்கும் நாடி மெல்ல இறங்கும். இறக்குவது வேகஸ் நரம்பு. ஓடும்போது விட்ட கடிவாளத்தை மறுபடி இழுத்துப் பிடிக்கிறது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றித் தேங்கும் கொழுப்போ இதயத்தை விரட்டும் பரிவு நரம்புகளின் பக்கம் நின்று, நாடி அடங்குவதைத் தாமதமாக்குகிறது. அதனால் எடை இயந்திரத்தைவிட இடுப்பில் சுற்றும் அளவு நாடாவையே நம்புவேன். ‘தொப்பைக்காரர் ஓடுவதில்லை, அவ்வளவுதான்’ என்று மறுக்கலாம். பாதி சரி, எடை அதிகம் குறையாமலே பயிற்சியால் நாடி சீக்கிரம் அடங்கப் பழகும். ஆனால் நாடி மெதுவாக அடங்குவது வெறும் உடற்தகுதிக் குறைவு மட்டுமல்ல: 1999-ல் வெளியான கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வில், 2,428 பேரில் உடற்பயிற்சி நின்ற முதல் நிமிடத்தில் நாடி 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ மட்டுமே இறங்கியவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல். அவரவர் எட்டிய உழைப்பளவைக் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த அபாயம் மறையவில்லை.