கோடு எழுதி மெட்டுப் போடும் பிள்ளைகள்

பதினைந்து வயதில் மனசுக்குள் மெட்டு ஓடாத பிள்ளை உண்டா? அதை வெளியே கொண்டுவரத்தான் வழி தெரியாது. வாத்தியம் கைக்குப் படிய வருடக்கணக்கில் சாதகம் வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் இதற்கு வேறொரு வழி கண்டது. இசைத்துறையின் ஜேசன் ஃப்ரீமேனும் கணினி ஆய்வாளர் பிரையன் மகெர்கோவும் சேர்ந்து உருவாக்கிய 'இயர்ஸ்கெட்ச்' மென்பொருளை வைத்துக் கோடை முகாம்களில் மாணவர்களுக்கு இசையமைக்கச் சொல்லித் தருகிறார்கள். வாத்தியமும் கோடிங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பைத்தான் என்ற கணினி மொழியில் சில வரிகள் எழுதினால் போதும். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு என்று முன்பே பதிவுசெய்த ஒலித்துண்டுகள் அதில் ஏராளமாக இருக்கின்றன. எந்தத் துண்டு, எந்த டிராக்கில், எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று எழுதிவிட்டு ஓடவிட்டால் பாட்டு கேட்கும். தாளத்தையும் எழுத்தாகவே எழுதலாம்:

0+++----0+++----

பூஜ்யம் வந்தால் ஒலி தொடங்கும். கூட்டல் குறி வந்தால் நீளும். சிறுகோடு மௌனம். மொத்தம் 16 குறிகள், ஓர் அடிக்கு நான்கு. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் இது 2 விநாடியில் முடிந்துவிடும். ஒரு சிறுகோட்டை பூஜ்யமாக மாற்றினால் தாளத்தின் நடையே மாறுகிறது. மாற்றியதை அந்த நிமிடமே காதால் கேட்கலாம். பாடம் மனசில் பதிவது அதனால்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிடித்த ஒலியையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். ஆசிரியருக்கு உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பம். எதை நிறுத்துவது, எதை மறுபடி கொண்டுவருவது என்று காது கொடுத்துக் கேட்கப் பழக்க வேண்டும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். இயர்ஸ்கெட்ச் பாடத்திட்டத்தில் இது 'ஏ-பி-ஏ' வடிவம். ஏ பகுதியை ஒரு ஃபங்ஷனாக எழுதி வைத்து, வேண்டும்போது மறுபடி அழைக்கிறார்கள். ஃபங்ஷன் எதற்கு என்று கரும்பலகையில் எவ்வளவு விளக்கினாலும் இந்தத் தெளிவு வராது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் 2012இல் உருவாக்கத் தொடங்கிய 'சோனிக் பை' இன்னொரு வகை. அதில் ஒலித்துண்டுகளோடு ஸ்வரங்களுக்கும் எண் உண்டு. பியானோவின் நடு 'சி' 60. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றலாம். மேடையில் நின்று கச்சேரியே செய்யலாம்.

கம்ப்யூட்டர் இசை புதிதல்ல. 1957இலேயே பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய மென்பொருள், ஐபிஎம் 704 என்ற ராட்சத இயந்திரத்தில் 17 விநாடி இசையை உருவாக்கியது. இன்று சாதாரண லேப்டாப் போதும்.

இயர்ஸ்கெட்ச், சோனிக் பை இரண்டும் இலவசம். தமிழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி லேபைக் கோடை விடுமுறையில் பூட்டி வைக்காமல், ஒரு வாரமாவது இதற்குத் திறந்துவிடுங்கள்.