முகூர்த்த நேரத்தில் ஓடும் கறுப்புப் பட்டை

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால், எல்லாரும் மணமேடையைப் பார்க்கும்போது நீங்கள் வீடியோக்காரர்களின் மூலைக்குப் போய் நில்லுங்கள். ஒரு மேஜை, அதன்மேல் மிக்சர், இரண்டு மானிட்டர், காலைச் சுற்றிக் கிடக்கும் ஒயர்கள். சீர்த்தட்டு வரிசை உள்ளே நுழையும் நேரத்தில், மானிட்டரில் மணப்பெண்ணின் முகத்தைக் குறுக்கே கடந்து மெல்லிய கறுப்புப் பட்டை ஒன்று ஊர்ந்து போகும். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரில் ஒருவர் கண்ணுக்கும் அது படாது. கேமராவுக்கு மட்டும்தான் தெரியும்!

"தம்பி, ரெண்டாம் கேமராவுல பட்டை ஓடுது பாரு. என்டிஎஸ்சில கிடக்கா?"

"ஆமாண்ணே, நேத்து ஸ்லோமோஷனுக்கு மாத்துனது."

"அப்ப ஷட்டரையாச்சும் அம்பதுல போடு. தாலி எடுத்துக் குடுத்துட்டாங்க!"

தம்பியின் கட்டைவிரல் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுகிறது. பட்டை போயே போய்விட்டது. கெட்டிமேளம்!

இப்படி ஒரு பேச்சு எந்த மண்டபத்திலும் காதில் விழலாம். அதற்குள் எத்தனை நாடுகளும் எத்தனை ஆண்டுகளும் அடைந்து கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. மின்சாரம் இருக்கிறது, ஜெர்மன் பொறியாளர் ஒருவர் இருக்கிறார், ஜப்பான் இருக்கிறது, இலங்கையின் மிக உயரமான மலை இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிவிடுகிறேன்.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சம். ஆகவே பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை பிரகாசித்து 100 முறை மங்குகிறது. நம் கண் இதைத் தொடர்ச்சியான வெளிச்சமாகவே எடுத்துக்கொள்கிறது. கேமரா அப்படிச் செய்யாது. இப்போதைய கேமராக்களின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. சில வரிகள் விளக்கு பிரகாசிக்கும்போது பதிவாகும், சில வரிகள் மங்கும்போது பதிவாகும். மங்கிய வரிகள்தான் அந்தப் பட்டை.

இனி வருவது தாளக் கணக்கு. கஞ்சிராவில் கணக்குக்குப் பேர்போன மான்பூண்டியாப் பிள்ளை வாழ்ந்த ஊர் புதுக்கோட்டை. இந்தக் கணக்கை இங்கே சொல்வதுதான் பொருத்தம். நொடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் ஒரு ஃப்ரேமுக்குச் சரியாக 4 துடிப்பு. ஒவ்வொரு ஃப்ரேமும் சமத்தில் வந்து விழுகிறது. பட்டை வந்தாலும் ஒரே இடத்தில் நிற்கும், ஓடாது. கேமராவை என்டிஎஸ்சியில் வைத்து 30 ஃப்ரேம் எடுத்தால்? ஒரு ஃப்ரேமுக்கு மூன்றேகால் துடிப்புக்கும் கொஞ்சம் அதிகம். மூன்று ஃப்ரேம், பத்து துடிப்பு போன பிறகுதான் இரண்டும் சந்திக்கும். அதற்குள் விளக்கின் மங்கல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறிவிடும். போதாததற்கு, கேமராவின் '30' உண்மையில் 29.97. அதனால் அந்த மூன்று ஃப்ரேம் சந்திப்பும் இம்மி இம்மியாக நழுவும், பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். 24 ஃப்ரேமில் எடுத்தால் நொடிக்கு நான்கு முறை தூக்கித் தூக்கிப் போடும்.

மேலே அந்த அண்ணன் சொன்ன வைத்தியம் இந்தக் கணக்கை நேராகப் போய்ப் பிடிக்கிறது. ஃப்ரேம் 24, 25, 30 எதுவாக இருந்தாலும் சரி, ஷட்டரை நொடியில் 50-இல் ஒரு பங்கு திறந்து வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுசாக இரண்டு துடிப்பு வெளிச்சம் கிடைக்கும். 100-இல் ஒரு பங்கு என்றால் முழுசாக ஒரு துடிப்பு. எந்த வரிக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எலெக்ட்ரானிக் சோக்கும் நல்ல எல்ஈடி விளக்கும் வந்த மண்டபங்களில் தொல்லை குறைவு. மேடைக்குப் பின்னால் மினுங்கும் மலிவான சீரியல் செட்டும் எல்ஈடி வாலும் புதுத் தொல்லைகள். அவற்றின் துடிப்பை ஒவ்வொரு மண்டபத்திலும் புதிதாகக் கண்டுபிடித்து, ஷட்டரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி அடக்க வேண்டும்.

திடீரென்று கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் மூலையில் எல்லாரும் ஒருசேர மானிட்டரைப் பார்ப்பார்கள். ஜெனரேட்டரின் சுழற்சி 50-இலேயே நிற்காது. சுமை குறைந்தால் கொஞ்சம் ஏறும், கூடினால் கொஞ்சம் இறங்கும். அதுவரை அடங்கியிருந்த பட்டை மெல்ல எழுந்து நடக்கும். விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும், மின்வாரியக் கரண்டா ஜெனரேட்டர் கரண்டா என்பதைப் படத்தை மட்டும் பார்த்தே இவர்களால் சொல்லிவிட முடியும்!

வி.எச்.எஸ். காலத்துக் கல்யாணங்களில் இந்தப் பட்டை அதிகம் தொல்லை தரவில்லை. காரணம், ஒரு பையன் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரிந்த ஆயிரம் வாட் சன்கன் லைட். ஹாலஜன் விளக்கின் இழை ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ஆறுவதற்கு நேரமே இல்லை. மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. படம் மட்டும் அசையாமல் நின்றது.

சரி, கேமரா மெனுவில் '25' என்ற எண் எங்கிருந்து வந்தது? அதுவும் கரண்டிலிருந்துதான். தொலைக்காட்சி பிறந்த காலத்தில், படம் மாறும் வேகமும் மின்சாரத்தின் வேகமும் ஒத்துப் போகாவிட்டால் வீட்டுப் பெட்டியில் அலைபோல ஒரு நிழல் ஓடும். அதைத் தவிர்க்க, 50 சுழற்சி மின்சாரம் உள்ள நாடுகள் நொடிக்கு 50 அரைப்படம் என்று வைத்துக்கொண்டன. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். இரண்டும் சேர்ந்தால் 25 முழுப்படம். ஒரு படத்துக்கு 625 வரி. 60 சுழற்சி உள்ள அமெரிக்கா 60 அரைப்படம், 525 வரி என்று போனது; அந்த முறைதான் என்டிஎஸ்சி. 1953-இல் அங்கே வண்ணம் வந்தபோது, வண்ண அலையும் ஒலி அலையும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேகத்தை ஒரு நூலிழை குறைத்தார்கள். 30 என்பது 29.97 ஆனது அப்போதுதான். அமெரிக்க அலைவரிசைக்காகச் செய்த அந்த நூலிழைத் திருத்தம்தான் இன்றைக்கு நம் மண்டபத்து மானிட்டரிலும் ஊர்கிறது!

வால்டர் புரூக் என்ற ஜெர்மன் பொறியாளர் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'பால்' முறையை இந்தியா வண்ணத்துக்கு எடுத்துக்கொண்டது. டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கறுப்பு வெள்ளை ஒளிபரப்பு 1982-இல் வண்ணமானது. ஜப்பானின் கதை இன்னும் விசித்திரம். தோக்கியோ பக்கம் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியதால் 50 சுழற்சி, ஒசாகா பக்கம் அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியதால் 60 சுழற்சி. இன்றுவரை ஒரே நாட்டில் இரண்டு கரண்ட்! தொலைக்காட்சிக்கு மட்டும் நாடு முழுவதும் அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறை இருந்தது.

ஜப்பானைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் கடற்கரைக்கு, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் வாருங்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டாலும் அந்த அலை இங்கே எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று கடலுக்கு அப்பால் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. கட்டிடமும் கருவிகளும் ஜப்பான் அரசின் கொடை. 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையில் கோபுரம்; வன்னியில் கொக்காவிலிலும் ஒரு கோபுரம். தமிழ்நாட்டுத் தென்கரையில் வீட்டுக்கு வீடு நீளமான கம்பம் முளைத்தது. உச்சியில் ஆன்டெனா, அதன் முகம் தென்கிழக்கே.

"தெரியுதாடா?"

"புள்ளி புள்ளியா வருது மாமா, இன்னும் கொஞ்சம் திருப்புங்க!"

வெதுவெதுப்பான கடல்மேல் ஈரக்காற்று அடுக்கடுக்காகப் படியும் இரவுகளில், நேர்கோட்டில் போய்த் தொலைந்துவிட வேண்டிய அலை வளைந்து வளைந்து வெகுதூரம் வந்து சேரும். அதனால்தான் ஒரு நாள் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரிந்த படம் மறுநாள் வெறும் இரைச்சலாக இருந்தது.

ஆனால் காற்று மட்டும் வழி விட்டால் போதாது. ஜப்பான் தன் சொந்த என்டிஎஸ்சி முறையையே இலங்கையிலும் நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் ஊர்ப் பெட்டிக்கு 625 வரி வேண்டும். அலை 525 வரியோடு வந்திருக்கும். நம் பெட்டி படத்துக்கு மேல் 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலியைத் தேடும். அங்கே ஒலி 4.5-இல் உட்கார்ந்திருக்கும். படம் உருண்டுகொண்டே இருக்கும், சத்தமே வராது. இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைக்காதீர்கள். கரண்ட் 50 சுழற்சியாக இருந்தும் பர்மா என்டிஎஸ்சியைத்தான் எடுத்துக்கொண்டது. இலங்கை எடுத்துக்கொண்டது நம்முடைய அதே 'பால்', அதே 625, அதே 5.5. இரண்டு கரைகளின் எண்கள் பொருந்தின. பாக் நீரிணையைத் தாண்டி வந்த தமிழ் நிகழ்ச்சிகளை மீனவர் வீட்டுத் திண்ணைகளில் ஊரே கூடிப் பார்த்ததற்கு இந்தப் பொருத்தம்தான் காரணம். எனக்கு இந்த மாவட்டத்தின் மிக அழகான தொழில்நுட்பக் கதை இதுதான்.

சிங்கப்பூரும் மலேசியாவும்கூட அப்போது இதே முறை. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போனவர்கள் தலைச்சுமையாகக் கொண்டு வந்து இறக்கிய டிவியும் டெக்கும் பிளக்கைச் செருகியதும் ஓடின. இங்கே எடுத்த கல்யாணக் கேசட் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா வீட்டில் சிக்கலில்லாமல் ஓடியது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பியதுதான் வம்பு. அங்கே அது உருளும், நிறம் போகும். மாற்றித் தர ஒரு கடையைத் தேட வேண்டும், அல்லது எல்லா முறையும் ஓடும் மல்டி சிஸ்டம் டெக் வாங்க வேண்டும்.

25 என்ற எண் சினிமாவையும் விடவில்லை. தியேட்டரில் நொடிக்கு 24 படம். 50 சுழற்சி நாடுகளின் தொலைக்காட்சியில் அதே சுருளை 25 வேகத்தில் ஓட்டுவதுதான் வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்! பாட்டு அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருதி ஏறும். தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியான 'ஒளியும் ஒலியும்' பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மனப்பாடமான பாட்டு, இசைத்தட்டில் வேறு சுருதியில் கேட்டிருக்கலாம். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டே உள்ள மாவட்டத்துக்காரர்கள் இதைக் கவனிக்க மாட்டார்களா என்ன?

இப்போது கல்யாணம் செல்போனில் பார்க்கப்படுகிறது. சண்டையும் புதிதாகியிருக்கிறது. மண்டபத்து விளக்கு 50-இன் பிள்ளை. செல்போன் திரை பல போன்களில் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. 30 ஃப்ரேம் வீடியோ அந்தத் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு முறை என்று சமமாக அமர்கிறது. 25 அப்படி அமராது. சில ஃப்ரேம் இரண்டு முறை, சில ஃப்ரேம் மூன்று முறை. கேமராவை மெல்லத் திருப்பும் காட்சியில் கூர்ந்து பார்த்தால் ஒரு சிறு திக்கல் தெரியும். டிவி ஒளிபரப்போ எச்டி ஆன பிறகும் 50 அரைப்படத்திலேயே நிற்கிறது. எடிட்டிங் அறையில் பெரிய கேமராவின் 25, செல்போனின் 30, ட்ரோனின் 24 எல்லாம் ஒரே டைம்லைனில் வந்து விழும். 30-ஐ 25 ஆக்க ஆறில் ஒரு ஃப்ரேமை வெட்டி எறிய வேண்டும். தாலி முடிச்சு விழும் ஃப்ரேம் அந்த ஆறாவதாக இருந்துவிட்டால்? அதனால்தான் கெட்டிக்கார எடிட்டர்கள் முகூர்த்தத்தை மென்பொருளிடம் ஒப்படைக்காமல் தாங்களே ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பார்க்கிறார்கள்.

தை பிறந்துவிட்டால் இதே ஆட்கள், இதே கேமராக்கள் வாடிவாசலுக்கு இடம் மாறும். வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் என்று பேர் வாங்கிய மாவட்டம் இது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாகக் கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில். 2019-இல் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. கேலரிக்குப் பக்கத்தில் மூங்கில் சாரத்தில் தொற்றிக்கொண்டு கேமரா நிற்கிறது.

"அண்ணே, இன்னைக்கு பாலா, என்டிஎஸ்சியா?"

"எதுல வேணா போடு தம்பி. சூரியனுக்கு ஏது ஹெர்ட்ஸ்!"

உண்மைதான். வெயில் துடிப்பதில்லை. மண்டபத்தில் கையைக் கட்டிப்போட்ட எல்லா எண்களும் இங்கே அவிழ்ந்துவிடுகின்றன. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொம்பின் நுனிகூடக் கலங்காது. 100 ஃப்ரேமில் எடுத்து 25-இல் ஓட்டினால் இரண்டு நொடித் துள்ளல் எட்டு நொடி நீளும். புழுதி ஒவ்வொரு துகளாக எழும்பும். பிடித்தவர் கை திமிலில் இருந்ததா, கழுத்துக் கயிற்றுக்கு நழுவியதா, மூன்றாவது துள்ளலுக்கு முன்னால் விட்டுவிட்டாரா, எல்லாம் தெரியும். சாயங்காலம் மாட்டுக்காரர்கள் பென்டிரைவோடு வந்து லேப்டாப்பைச் சுற்றி நின்றுவிடுவார்கள். "நிறுத்து நிறுத்து, ஒரு ஃப்ரேம் பின்னால போ... இன்னொன்னு... அந்தா பாரு, நாலு காலும் தரையில இல்ல!"