உங்களுக்குத் தெரியுமா? மலமே கழிக்காத வேட்டைக்காரன்!

திண்ணையோர மணலில் புனல்போலக் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழிநரி, புழுப் பருவம் முழுக்க மலம் கழிப்பதே இல்லை. அதன் நடுக்குடலும் பின்குடலும் ஒன்றோடொன்று இணைந்திருக்காது. மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில் சேரும் கழிவு, இறக்கை முளைத்த பிறகுதான் வெளியேறும்!

• பின்னோக்கி நகர்ந்து, சுற்றிச் சுற்றித்தான் குழி தோண்டும். மணல் சரியாமல் நிற்கக்கூடிய கடைசிச் சாய்வில் சுவர் அமையும். எறும்பு கால் வைத்தால் போதும், பொலபொலவென்று சரிந்துவிடும். தப்பி ஏறப் பார்த்தால், தலையாலேயே மணலை வாரி அடித்துக் கீழே இறக்கும். அப்படி ஒரு சாமர்த்தியம்!

• மென்று தின்னாது. வளைந்த தாடைகளைக் குத்தி, செரிமான நீரைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சும். சக்கையைக் குழிக்கு வெளியே எறிந்துவிடும்.

• வளர்ந்தால் தட்டான் சாயல். உணர்கொம்பின் நுனி மட்டும் தடித்திருக்கும்.

கரும்பலகையில் உணவுச் சங்கிலி வரைவதற்கு முன் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிடுங்கள். மழை படாத தாழ்வார மணலில் தேடுங்கள். எறும்பைப் போட வேண்டாம், பாவம். ஈர்க்குச்சியால் விளிம்பில் நாலு மணலை உதிர்த்தாலே பெரும்பாலும் அடியிலிருந்து சட்டென்று மணல் தெறிக்கும்.