மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ஒயரைப் பாருங்கள்!

முழங்கால் வலி, இடுப்பு வலி, தோள்பட்டை இறுக்கம் என்று பிஸியோதெரபிக்குப் போய் வந்தவர்கள் பலர் வீட்டில் இப்போது ஒரு குட்டி மெஷின் இருக்கிறது. சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. பெரும்பாலும் 9 வோல்ட் பாட்டரியில் ஓடும். அதிலிருந்து கிளம்பும் ஒயர்களின் நுனியில், உடம்பில் ஒட்டிக்கொள்கிற பேட்கள். 'டென்ஸ்' என்று சொல்கிறார்கள். தோல் வழியாக மெல்லிய மின்துடிப்பை அனுப்பி, வலி மூளைக்குப் போகிற வழியைக் கொஞ்சம் மறிக்கப் பார்க்கும். 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு மாதிரி இருக்கிறது, வேறு உணர்ச்சி வந்தால் அது சாத்திக்கொள்ளும் என்று எழுதினார்கள். இடித்துக்கொண்ட இடத்தை நாம் பரபரவென்று தேய்த்துவிட்டுக்கொள்கிறோமே, அதே கதைதான். நோயை இது தீர்க்காது. எல்லாருக்கும் கேட்கும் என்றும் இல்லை. கேட்கிறவர்களுக்கு, அந்த அரைமணி நேர நிம்மதி பெரிய விஷயம்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இது கேட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினில் ஒருநாள் துடிப்பே தெரியவில்லை. அத்தை பாட்டுக்குத் திருகைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். காலை மடக்கினாரோ இல்லையோ, சுரீரென்று தூக்கிப் போட்டது! "இனிமே இந்தச் சனியனை என்கிட்ட கொண்டு வராதே" என்று ஒதுக்கிவிட்டார். வாங்கின கடையில் கேட்டால், "உள்ளே போர்டு போயிடுச்சும்மா, புதுசு எடுத்துக்குங்க" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். மிக்ஸி பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் தம்பிதான் இரண்டே நிமிஷத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார். மெஷினுக்கு ஒன்றுமில்லை. போனது ஒயர்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. அந்த ஒயருக்குள் இருப்பது நூலிழை போன்ற மெல்லிய கம்பிகள். தினமும் மடக்குகிறோம், இழுக்கிறோம், வேலை முடிந்ததும் மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்கிறோம். மெஷினுக்குள் சொருகும் பிளக்கின் கழுத்திலும், நுனியில் பின் தொடங்கும் இடத்திலும்தான் முக்கால்வாசி அறும். மேலே பிளாஸ்டிக் உறை புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். அறுந்த இழைகள் ஒரு சமயம் தொட்டுக்கொள்ளும், ஒரு சமயம் விலகும். அதுதான் ஆபத்து. விலகியிருக்கும்போது "ஒண்ணும் தெரியலையே" என்று கூட்டுவோம். சட்டென்று தொட்டுக்கொண்டால் கூட்டினது அத்தனையும் ஒரே அடியாக வந்து விழும். ஆகவே துடிப்பு நின்றால் கூட்டக் கூடாது. முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அணையுங்கள், பிறகு ஆராயலாம். சில மெஷின்கள் கூட்டக் கூட்டத் தாமாகவே பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். அது, எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது என்று மெஷினே சொல்லும் சேதி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரத்துக்குப் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேண்டும். ஒரே ஒயர் சிவப்பு, கருப்பு என்று இரண்டாகப் பிரிகிறதல்லவா? அதில் எது அறுந்தாலும் இரண்டு பேட்டுமே செத்துவிடும். ஒரு பேட்டில் துடிப்பு பலமாகவும் மற்றதில் லேசாகவும் தெரிந்தால், அதை வைத்து ஒயர் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். அது சாதாரணமாகவே நடப்பதுதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ரசத்தில் என்ன குறை என்று பார்க்க உப்பையும் புளியையும் ஒரே சமயத்தில் கூட்டுவோமா? அதுபோல ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதலில் புது பாட்டரி. அடுத்தது பேட். அதன் பசை காய்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பாருங்கள், இன்னும் சில தடவை வரும். ஓரம் தூக்கிக்கொண்ட பேட், ஒட்டியிருக்கும் கொஞ்ச இடத்தில் மட்டும் ஊசி குத்துகிற மாதிரி சுருக்கென்று கடிக்கும். அதைத் தூக்கிப் போடுவதே நல்லது. நம் வீடுகளில் காலையில் தைலம் தேய்த்த முழங்காலிலேயே சாயந்திரம் பேட்டை ஒட்டுவார்கள், அது எப்படி ஒட்டும்? சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

பேட் நன்றாக இருந்தும் துடிப்பு வராவிட்டால் ஒயரை மாற்றிச் சொருகுங்கள். பெரும்பாலான மெஷின்களில் இரண்டு துளை, இரண்டு ஒயர் உண்டு. அணைத்துவிட்டு, வேலை செய்யாத ஒயரை அடுத்த துளையில் போடுங்கள். அங்கேயும் வேலை செய்யாவிட்டால் குற்றவாளி ஒயர். அங்கே வேலை செய்து, நல்ல ஒயர் பழைய துளையில் படுத்துக்கொண்டால் கோளாறு மெஷினில். அதை நாம் பிரிக்க வேண்டாம். சோதிக்கும்போது இரண்டு பேட்டையும் ஒரே முன்கையிலோ தொடையிலோ சற்றுத் தள்ளித் தள்ளி ஒட்டி, மிகக் குறைவாக வையுங்கள். இந்தக் கையில் ஒரு பின், அந்தக் கையில் ஒரு பின் என்று பிடித்துப் பார்க்கவே கூடாது. மின்சாரம் மார்புக்குக் குறுக்கே போகும்.

எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் இருந்தால் உடம்பில் ஒட்டவே வேண்டாம். ஒயரை மெஷினிலிருந்தும் பேட்டிலிருந்தும் கழற்றி, சத்தம் போடும் நிலையில் மீட்டரை வைத்து, ஒரு முனையைப் பின்னிலும் மற்றதைப் பிளக்கிலும் தொட்டால் 'பீப்' என்று கேட்க வேண்டும். தொட்டபடியே ஒயரின் கழுத்தை அசைக்கச் சொல்லுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் உள்ளே அறுந்திருக்கிறது. சிவப்புப் பின்னையும் கருப்புப் பின்னையும் சேர்த்துத் தொட்டால் சத்தம் வரவே கூடாது. வந்தால் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அறுந்ததை முறுக்கி டேப் ஒட்டலாமே என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஒட்டு, காலில் பேட் இருக்கும்போதே விலகிச் சேரும். மறுபடி அதே சுரீர். ஒயர் தனியாகவே விற்கிறார்கள், சில நூறு ரூபாய்தான். பிளக்கின் அளவு மெஷினுக்கு மெஷின் வேறுபடும் என்பதால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். புதுசு வந்தபின் பிளக்கைப் பிடித்தே கழற்றுங்கள், பேட்டை ஓரத்திலிருந்து உரியுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரிய வளையமாகத் தளரச் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தால் போதும். அத்தை பதினைந்து நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தானே கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் வைத்துக்கொள்ள வேண்டாம். கழுத்தின் முன்புறம், புண், மரத்துப்போன தோல், இங்கெல்லாம் பேட் ஆகாது.

கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு ஒன்று. உடம்பில் ஒட்டும் ஒயர்களின் நுனிப் பின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுவர் பிளக்கின் துளைக்குள்கூட நுழைந்துவிடும். அமெரிக்காவில், குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவிகளின் ஒயர்ப் பின்கள் இப்படி வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்து உயிர்ச்சேதமே நடந்திருக்கிறது. 1997-ல் அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம், நோயாளி உடம்போடு சேரும் ஒயர்களில் பின் வெளியே தெரியக் கூடாது என்று விதி போட்டது. புது ஒயர் வாங்கும்போது, பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் உறை போட்டதாக, உங்கள் பேட்டுக்குப் பொருந்துவதாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த பிஸ்கட் டின் பீரோவின் மேல் தட்டில் இருக்கட்டும்.