சிரிக்க வைத்த சலூன்! சீற வைத்த கிழவர்!

கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓடும். வாய் மறு பக்கம் ஓடும். கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காது! சலூன் என்றால் எந்த ஊரிலும் இதுதான் வழக்கம். அமெரிக்காவில் இந்த வழக்கத்தையே ஒரு சினிமாப் படமாக எடுத்துவிட்டார்கள். படத்தின் பெயர் "பார்பர்ஷாப்". டைரக்டர் டிம் ஸ்டோரி. 2002 செப்டம்பரில் வெளிவந்தது.

ஒரே நாள் கதை

சிகாகோ நகரின் தென்பகுதி, கறுப்பு இன மக்கள் நிறைந்து வாழும் இடம். அங்கே தந்தை விட்டுச் சென்ற சலூனை நடத்துகிறான் கால்வின். இந்த வேடத்தில் ஐஸ் க்யூப் நடித்திருக்கிறார். கடையில் லாபம் இல்லை. கடனோ கழுத்தை நெரிக்கிறது. மனைவி கர்ப்பிணி. சீக்கிரம் பணக்காரனாக வேண்டும் என்ற ஆசை வேறு!

வட்டிக்கு விடும் ஒரு முரடனிடம் 20 ஆயிரம் டாலருக்குக் கடையை விற்றுவிடுகிறான். பெண்கள் ஆடை களைந்து ஆடும் கூடமாகக் கடையை மாற்றப் போகிறான் என்று பிறகுதான் தெரிகிறது. பதறிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறான். "இரண்டு மடங்கு கொடு, இன்றைக்கே கொடு" என்கிறான் முரடன்.

எட்டுத் திக்கிலிருந்தும்

கடையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒவ்வொரு ரகம். படித்த கர்வம் பிடித்தவன் ஒருவன். சிறை சென்று திரும்பியவன் ஒருவன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவன் ஒருவன். கறுப்பர் கடையில் கத்தரி பிடிக்கும் வெள்ளைக்காரன் ஒருவன். தன் ஆப்பிள் பழரசத்தைக் குடித்தது யார் என்று சீறுகிறாள் ஒருத்தி. இதற்கிடையே, பணம் வழங்கும் இயந்திரத்தைத் திருடிய இரண்டு அசட்டுத் திருடர்கள், அதைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் திண்டாடுகிறார்கள்! கடைசியில் அந்த இயந்திரத்தை மீட்டதற்குக் கிடைக்கும் வெகுமதி கடையைக் காப்பாற்றுகிறது.

வம்பை விலைக்கு வாங்கிய வாய்

எடி என்ற கிழவர்தான் படத்தின் உயிர். தலை நரைத்த அந்த வேடத்தில் நடித்த செட்ரிக்குக் கிழப்பருவம் வெகு தூரம். அப்போது வயது 38தான்! முடி வெட்டுவது அபூர்வம். பேச்சு மட்டும் ஓயாது. ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் இடத்தைவிட்டு எழ மறுத்ததில் என்ன பெருமை, அதற்கு முன்பே பலர் அப்படிச் செய்தார்களே என்று கேட்கிறார். மார்ட்டின் லூதர் கிங்கையும் ஜெஸ்ஸி ஜாக்சனையும் கூட விடவில்லை. கடையில் இருப்பவர்களே கூச்சல் போட்டு அவரை அடக்கப் பார்க்கிறார்கள்.

படத்துக்கு வெளியேயும் கூச்சல் எழுந்தது. ஜெஸ்ஸி ஜாக்சன் கண்டனம் தெரிவித்தார். தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் காட்சி வெட்டப்படவில்லை. 2003-ல் ஒரு பரிசளிப்பு விழாவுக்கு செட்ரிக் தலைமை தாங்கினார். அந்த விழாவுக்குப் போக ரோசா பார்க்ஸ் மறுத்துவிட்டார்.

கிழவர் சொன்னதில் பாதி உண்மை. 1955 மார்ச்சில், 15 வயதுச் சிறுமி கிளாடெட் கால்வின் அதே மாண்ட்கமரி நகரில் இடம் விட மறுத்துக் கைதானாள். ஆனால், அந்த டிசம்பரில் ரோசா பார்க்ஸ் கைதானபோதுதான் ஊரே திரண்டது. 381 நாட்கள் மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அந்தக் கால் வலியை நினைத்துப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராததில் வியப்பில்லை.

வென்றது எது?

படத்துக்குச் செலவு சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர். வசூலோ 7 கோடி டாலரைத் தாண்டியது. 2004-லும் 2016-லும் தொடர் படங்கள் வந்தன.

சலூன் நாற்காலியில் பெரியவரும் இல்லை, சிறியவரும் இல்லை. எல்லோரும் பேசலாம், எல்லோரையும் மறுத்தும் பேசலாம். எடியை அதட்டியவர்கள் அவரைக் கடையைவிட்டு விரட்டவில்லை. கால்வின் 20 ஆயிரம் டாலருக்கு விற்கத் துணிந்தது நாலு சுவரை மட்டும் அல்ல, இந்த உரிமையையும்தான். நல்லவேளை, அந்தி சாய்வதற்குள் அவனுக்கு அது புரிந்துவிட்டது!