மலைப்பாதையில் கார் கொதித்தால்... மூடியைத் தொடாதீர்கள்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நாலா பக்கத்துக் கார்களும் ஊட்டியை நோக்கிக் கிளம்பிவிடும்.

மேட்டுப்பாளையம் வரை ஒரு தொல்லையும் இல்லை. பாக்குத் தோப்புகளைக் கடந்து, கல்லாறு வந்ததும் மலை ஆரம்பம். முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஆமை வேகத்தில் ஊர்கிறது. பின்னால் வரிசையாகக் கார்களும் ஊர்கின்றன. காருக்குள் பாட்டி, பேரன், சோற்று மூட்டை என்று குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. ஏ.சி. முழு வேகத்தில் ஓடுகிறது.

பர்லியாறு வருவதற்குள் அந்தக் கார்களில் ஒன்று ரோட்டோரம் ஒதுங்கிவிடும். முன்பக்கத்துப் பானெட்டைத் தூக்கினால் குபுகுபுவென்று வெள்ளையாகக் கிளம்பும். பார்ப்பவர்கள் "புகை, புகை!" என்பார்கள். அது புகை அல்ல. நீராவி!

குழந்தைகள் மிரண்டு போய் நிற்பார்கள். அம்மா குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து நீட்டுவார். அப்பா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போவார்.

"ஏனுங்க, அதைத் தொடாதீங்க! மூஞ்சியெல்லாம் வெந்து போயிருமுங்க!" என்று அந்த வழியாக வரும் லாரி டிரைவர் யாராவது கத்துவார்.

டிரைவர் சொல்வதுதான் சரி. அது ஏன் என்று தெரிந்துகொள்ள, கார் எப்படிக் கொதிக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஓடுகிற அடுப்பு

கார் என்ஜின் என்பது ஓர் அடுப்பு. அதற்குள் பெட்ரோலோ டீசலோ எரிகிறது. எரிவதால் கிடைக்கும் சக்தியில் உத்தேசமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு சூடான புகையாகப் பின்னால் போய்விடுகிறது. மூன்றாவது பங்கு என்ஜினின் உலோகத்தில் ஏறிக்கொள்கிறது. அதை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் என்ஜின் வெந்து போகும்.

வெளியேற்றும் வேலையைத் தண்ணீர் செய்கிறது. என்ஜினைச் சுற்றி உள்ள வழிகளில் ஒரு சிறிய பம்பு தண்ணீரை ஓட விடுகிறது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் பாயும்போது காற்று பட்டு ஆறுகிறது. ஆறிய தண்ணீர் மறுபடியும் என்ஜினுக்குப் போகிறது. செக்கு மாடு சுற்றுவது போல இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது.

இதில் ஒரு வாயிற்காவலனும் உண்டு. அவன் பெயர் தெர்மோஸ்டாட். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைப்பான். 80 டிகிரிக்கு மேல் சூடு ஏறியதும் வழியைத் திறந்துவிடுவான். சில சமயம் இவன் தூங்கிப்போவதும் உண்டு. வழி திறக்காது. அப்போது ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருந்தும் என்ஜின் கொதிக்கும்!

மேடு கேட்கும் விலை

சமவெளியில் கொதிக்காத கார் மலையில் மட்டும் ஏன் கொதிக்கிறது?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,700 மீட்டருக்கும் மேல். இடையில் சுமார் 1,400 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்?

நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், தோட்டத்தில் ஓடும் 5 குதிரைசக்தி பம்புசெட் மோட்டார் ஒன்றரை மணி நேரம் செய்யும் வேலை அது. வண்டியைத் தூக்குவதற்கு மட்டும் இவ்வளவு. முன்னே நகர்த்துவதற்கு ஆகும் சக்தி தனி.

ஆக, அடுப்பு முழு வேகத்தில் எரிகிறது. வண்டியோ மெல்லப் போகிறது. சமவெளியில் 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது ரேடியேட்டரில் காற்று வந்து மோதும். 15 கிலோ மீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அந்தக் காற்று ஏது? எல்லாவற்றையும் மின்விசிறி ஒன்றே சமாளிக்க வேண்டும். போதாக்குறைக்கு ஏ.சி.யும் தன் சூட்டை ரேடியேட்டருக்கு முன்னால்தான் கொட்டுகிறது.

டிரைவரின் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. சிலர் கியரை மாற்றச் சோம்பல்பட்டு மூன்றாவது கியரிலேயே வண்டியை ஏற்றப் பார்ப்பார்கள். என்ஜின் திணறும், உதறும். அதன் சுற்று குறைந்தால் தண்ணீர்ப் பம்பின் சுற்றும் குறைகிறது. இரண்டாவது கியருக்கு வந்தால் சத்தம் கூடும். ஆனால் பம்பும் வேகமாகச் சுழலும். சத்தத்துக்குப் பயந்து என்ஜினை நோகடிப்பவர்களே அதிகம்.

பனி நாட்டிலும் கொதிக்கிறது!

குளிர் நாட்டில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்பீர்கள். அங்கும் உண்டு!

கனடாவில் பனியின் மேல் சறுக்கி ஓடும் மோட்டார் வண்டிகள் இருக்கின்றன. சக்கரத்துக்குப் பதிலாக, முன்னால் சறுக்குக் கட்டைகள். பின்னால் ரப்பர்ப் பட்டை. பொம்பார்டியர் என்பவர் 1959-ல் சிறிய வண்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு இவை பரவின. இவற்றில் பல வண்டிகளின் தண்ணீரை ஆற்றுவது காற்று அல்ல. ஓடும்போது பட்டை வாரி இறைக்கும் பனித்தூள்தான்! அந்தத் தூள் வண்டியின் அடிப்பக்கத்துத் தகட்டில் பட்டு, உருகி, சூட்டை எடுத்துக்கொள்கிறது. வழுவழுப்பான கெட்டிப் பனிக்கட்டியின் மேல் ஓட்டினால் தூள் பறக்காது. உடனே சூடு ஏறிவிடும். சுற்றிலும் பனி, நடுவில் கொதிக்கும் என்ஜின்! அதற்காகவே பனிக்கட்டியைச் சுரண்டித் தூள் கிளப்பும் கம்பிகளை மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் கதையும் இதுதான். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் அந்த மோட்டாரை ஆற்றுவது அதைச் சுற்றியுள்ள தண்ணீரே. கிணறு வற்றியது தெரியாமல் ஓடவிட்டால் காயில் கருகிவிடும். இதைப் பட்டு அறிந்த விவசாயிகள் கொங்கு நாட்டில் ஏராளம்.

குக்கரும் ரேடியேட்டரும்

இப்போது அந்த மூடிக்கு வருவோம்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மலை மேல் போகப் போக அதற்கும் முன்பே கொதித்துவிடும். குன்னூரில் திறந்த பாத்திரத்தில் 94 டிகிரி அளவிலேயே தண்ணீர் கொதிக்கும். என்ஜினோ 90 டிகிரி சூட்டில் ஓடுவது. அப்படியானால் எல்லாக் காரும் குன்னூரில் கொதிக்க வேண்டுமே?

கொதிக்காமல் காப்பது மூடிதான். அது சாதாரண மூடி அல்ல. உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பரும் வைத்து, அழுத்தத்தை அடக்கி வைக்கும் மூடி. வீட்டில் இருக்கும் பிரஷர் குக்கர் மாதிரி. அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும்.

ஆவி அடங்குமுன் குக்கரைத் திறக்க முயன்றால் என்ன ஆகும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். ரேடியேட்டரிலும் அதேதான். மூடியைத் திருகியதும் அழுத்தம் விடுபடுகிறது. 110 டிகிரியில் அடங்கிக் கிடந்த தண்ணீர் அந்தக் கணமே கொதித்து, ஆவியும் நீருமாக முகத்திலும் மார்பிலும் அடிக்கிறது. கையில் சுற்றிய துண்டு கையைக்கூடக் காப்பாற்றாது. கண் போகலாம்.

பழைய கார்களில் மூடி ரேடியேட்டரின் தலையிலேயே இருக்கும். புதிய கார்கள் பலவற்றில் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் தொட்டியின் மேல் இருக்கும். எங்கே இருந்தாலும் அபாயம் ஒன்றுதான்.

முள் ஏறினால் என்ன செய்வது?

டிரைவருக்கு எதிரே சூடு காட்டும் முள் இருக்கும். வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டு அது மேலே ஏறத் தொடங்கியதுமே கவனிக்க வேண்டும். சில புதிய கார்களில் முள் கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும். எரிந்தால் உடனே நிறுத்த வேண்டியதுதான்.

முள் சற்று ஏறும்போதே ஏ.சி.யை நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்குங்கள். ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம்! என்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை அது காருக்குள் இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு வியர்க்கும், என்ஜின் பிழைக்கும்.

அப்படியும் முள் இறங்காவிட்டால், வளைவு இல்லாத அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆவி கிளம்பினாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும் என்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள். குழந்தைகளைத் தடுப்புச் சுவர் ஓரமாக, வண்டிகள் வராத பக்கம் நிற்க வையுங்கள். ஆவி அடங்கிய பிறகு பானெட்டைத் திறந்தால் போதும்.

பிறகு? காத்திருக்க வேண்டும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம். இதுதான் யாராலும் முடியாத காரியம்! பொறுக்க மாட்டாமல் என்ஜின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. சிவக்கக் காய்ந்த தோசைக்கல்லில் பச்சைத் தண்ணீர் விடுவதைப் போன்றது அது. உலோகம் திடீரென்று சுருங்கி வெடித்துவிடலாம். வெடித்தால் செலவு பல ஆயிரம்.

மேல் குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடு ஆறிய பிறகு, கனமான துணியை மூடியின் மேல் போட்டு, கால் திருகு மட்டும் திருகி நிறுத்துங்கள். மிச்ச அழுத்தம் 'உஸ்' என்று போகட்டும். அப்புறம் முழுதாகத் திறந்து மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். அவசரத்துக்குக் குடிநீர் போதும்.

ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகினால் குழாயோ ரேடியேட்டரோ ஓட்டை. ஒழுகாமலே தண்ணீர் குறைந்து, பின்னால் வெள்ளைப் புகை வந்தாலோ, ஆயில் பால் காப்பி நிறத்தில் மாறியிருந்தாலோ, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். இழுத்துச் செல்லும் வண்டியை அழையுங்கள். பிடிவாதமாக ஓட்டினால் பிஸ்டன் இறுகி என்ஜினே போய்விடும்.

சிறுவாணியும் போர் தண்ணீரும்

மலையில் கொதிக்கும் காரின் நோய் பெரும்பாலும் கீழேயே பிடித்தது. வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தைப் பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் பாத்திரம் சுத்தமாக இருக்கும். போர் தண்ணீர் காய்ச்சும் வீட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அந்த உப்பே அடைத்துக்கொள்ளும். சுத்திகரித்த பேட்டரித் தண்ணீரில் கலந்த கூலன்ட்தான் உகந்தது. அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

ரேடியேட்டரின் முகத்தையும் பாருங்கள். பூச்சி, தூசி, பஞ்சு, தென்னை நார்த் துகள் என்று சடை பிடித்திருக்கும். மெல்லத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் போதும். பலமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

புறப்படும் நாளில் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, தொட்டியில் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ரப்பர்க் குழாய்களை அழுத்துங்கள். வெடிப்போ தொளதொளப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பிறகு வண்டியை நிறுத்தியபடியே ஏ.சி.யை ஓடவிட்டு, மின்விசிறி சுழலும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். இவ்வளவுக்கும் பத்து நிமிஷம் ஆகாது.

மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பல வண்டிகளில் ரேடியேட்டர் கிடையாது. என்ஜினைச் சுற்றியுள்ள வரிவரியான தகடுகளே சூட்டை ஆற்றுகின்றன. அவற்றில் சேறு அப்பியிருந்தால் காற்றுப் படாது. ஆயில் குறைந்திருந்தாலும் சூடு ஏறும்.

அந்தக் காலத்தில் ஃபோர்டு கம்பெனியின் 'டி மாடல்' கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர்ப் பம்பே கிடையாது! சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற தத்துவத்தை நம்பியே ஓடின. பழைய கார்கள் சிலவற்றில் ரேடியேட்டர் மூடியின் உச்சியிலேயே ஒரு வெப்பமானி நிற்கும். டிரைவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தபடியே ஓட்டுவார்.

பக்கத்துத் தண்டவாளத்தில் 1899 முதல் குன்னூருக்கு ஏறும் மலை ரயிலின் நீராவி என்ஜினோ, வழியில் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நின்று தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மட்டும் யாரும் அவசரப்படுவதில்லை. இறங்கி நின்று டீ குடிக்கிறார்கள்!

ஆறிய வண்டியைக் கிளப்புமுன் ஒன்று. சக்கரத்துக்கு வைத்த கல்லை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இருட்டிய பிறகு அந்த வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும்.