திர்ஹம் அளவு வெண்மை

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்தில் நீங்களும் கண்டிருக்கக் கூடும். புறங்கையிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி உள்ள ஒருவர் அமர்ந்திருந்தால், பக்கத்து இருக்கை காலியாகவே வரும். நிற்பவர் நின்றுகொண்டே வருவர். காரணம் கேட்டால் ‘வெண்குஷ்டம்’ என்பார்கள். இந்தப் பெயர் செய்யும் கொடுமையை நோய் செய்வதில்லை.

குஷ்டம் கிருமியால் வருவது. அதில் தோல் உணர்ச்சியற்று மரத்துப் போகும். அதற்கும் இன்று குணமாக்கும் மருந்து உண்டு. வெண்புள்ளி முற்றிலும் வேறு. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே பகையென எண்ணி அழித்துவிடுகிறது. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. ஒரே சஹனில் அமர்ந்து உண்டாலும் ஒட்டாது. மீனையும் தயிரையும் சேர்த்து உண்டதால் வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவதற்கும் ஆதாரமில்லை.

அரபியில் இதற்கு ‘பரஸ்’ என்று பெயர், குஷ்டத்திற்கு ‘ஜுதாம்’. நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடிய துஆவில் இவ்விரண்டும் தனித்தனியே இடம்பெறுகின்றன. நம் தமிழாக்கங்கள் சிலவோ பரஸையும் ‘வெண்குஷ்டம்’ என்றே எழுதிவிட்டன.

உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களுக்கு இருந்தது இந்தப் பரஸ்தான். அது நீங்கி ஒரு திர்ஹம் அளவு மட்டுமே எஞ்சியிருந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். தாய்க்குப் பணிவிடை செய்த அவரைச் சந்தித்தால், தமக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படி கேட்குமாறு உமர் (ரலி) அவர்களுக்கே நபியவர்கள் கூறினார்கள். பெண் பார்க்கப் போகும் நாமோ அந்தத் திர்ஹம் அளவைக் கண்டதும் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம்! தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. பெண் வீட்டார் இதை மறைத்து நிக்காஹ் முடிப்பதும் முறையன்று. முன்னரே சொல்லிவிடுவதே கண்ணியம்.

சிகிச்சையின் வரலாற்றிலும் நமக்குப் பங்குண்டு. ஸ்பெயினில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், ஒரு செடியின் விதையை உட்கொண்டு வெயிலில் அமரும் முறையை எழுதி வைத்தார். 1940களில் எகிப்திய மருத்துவர் எல் மோஃப்தி அதே செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்தைச் சோதித்து, ஒளிச் சிகிச்சைக்கு வழி திறந்தார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகி அரிசியிலும் அவ்வகைப் பொருளே உள்ளது. அதற்காக நீங்களே அரைத்துப் பூசி வெயிலில் நின்றுவிடாதீர்கள். தோல் வெந்து கொப்புளித்துவிடும்.

இன்று மருத்துவர்கள் முதலில் களிம்பு தருவர். பரவலாக இருந்தால் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் செலுத்துவர். முகத்தில் நிறம் எளிதில் திரும்பும். விரல் நுனியில் அரிது. பரவாமல் நின்றுவிட்ட புள்ளிக்குத் தோல் ஒட்டும் சிகிச்சையும் உண்டு. 2022இல் அமெரிக்கா, 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு ருக்ஸோலிடினிப் என்னும் களிம்பை அனுமதித்தது.

புள்ளி சிறிதாக இருக்கும்போதே தொடங்கினால் பலன் அதிகம். ஆகவே, மகளின் சட்டைக்குக் கை நீளத்தைக் கூட்டித் தைக்கும் முன், புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். இந்நோயுடன் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதுண்டு. அதற்கான இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.